ஸ்டாண்டர்டு ஆகும் முன்பே உங்கள் போனில் ஓடும் புரோட்டோகால்கள்: இந்த வெள்ளோட்டத்தில் ரிஸ்க் யாருக்கு?

2017-ல் கூகுள் இன்ஜினீயர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உலக இணைய டிராஃபிக்கில் சுமார் 7 சதவீதம் ‘குயிக்’ என்ற புதிய புரோட்டோகால் வழியாகப் போவதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால், குயிக் அதிகாரபூர்வ ஸ்டாண்டர்டு ஆனது 2021 மே மாதத்தில்தான். அதாவது, யூடியூபில் வீடியோ பார்த்தவர்களும் குரோமில் எதையாவது தேடியவர்களும், இன்னும் முடிவாகாத ஒரு புரோட்டோகாலைப் பல வருஷங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானோருக்கு அது தெரியவே தெரியாது.

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன் ஒருநாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். அச்சு தாங்குமா, திருப்பத்தில் திரும்புமா என்று அப்போதுதான் தெரியும். இணையத்திலும் இதே வழக்கம்தான். ஒரே வித்தியாசம், இங்கே வெள்ளோட்டத் தேரில் மக்களும் ஏறியிருப்பார்கள்.

இது சரியா? முடிவாகாத ஒன்றைக் கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டுபோவது எப்போது நல்லது, எப்போது ஆபத்து? உங்கள் ஆபீஸில் ‘இதை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

முதலில், புரோட்டோகால்னா என்ன?

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் விதிகள்தான் புரோட்டோகால். யார் முதலில் பேசுவது, எந்த வரிசையில் தகவல் அனுப்புவது, வழியில் ஒரு துண்டு தொலைந்தால் என்ன செய்வது, எப்படிப் பூட்டு போடுவது என எல்லாம் அதில் இருக்கும். இரு தரப்பும் ஒரே விதியைப் பின்பற்றினால்தான் பேச்சு நடக்கும்.

இணையத்துக்கான இந்த விதிகளில் பெரும்பாலானவற்றை ஐஇடிஎஃப் என்ற அமைப்பு வகுக்கிறது. ஒருவர் யோசனையை ‘டிராஃப்ட்’ ஆக எழுதுவார். அதைப் பலர் விவாதிப்பார்கள், திருத்துவார்கள். ஒத்துக்கொண்ட பிறகு ‘ஆர்எஃப்சி’ என்ற எண்ணிட்ட ஆவணமாக வெளியாகும். சில ஆவணங்கள் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற முத்திரையோடு வரும். ‘பயன்படுத்திப் பாருங்கள், இன்னும் ஸ்டாண்டர்டு இல்லை’ என்று அதற்கு அர்த்தம்.

இந்த அமைப்பில் ஓட்டெடுப்பு கிடையாது. எம்ஐடி விஞ்ஞானி டேவிட் கிளார்க் 1992-ல் சொன்ன ஒரு கருத்துதான் இன்றுவரை அதன் தாரக மந்திரம்: ஏறத்தாழ எல்லோரும் ஒத்துப்போக வேண்டும், அதோடு ஓடுகிற கோடும் இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்டாண்டர்டு ஆக வேண்டுமானால் கோடு ஓடிக் காட்ட வேண்டும். கோடு ஓட வேண்டுமானால் யாராவது ஸ்டாண்டர்டு ஆவதற்கு முன்பே அதைப் பயன்படுத்த வேண்டும். எல்லோரும் ‘முடிவாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று உட்கார்ந்துவிட்டால் எதுவுமே முடிவாகாது.

ஸ்பீடி: ஜெயித்ததால் காணாமல்போன புரோட்டோகால்

இதற்கு நல்ல உதாரணம் ஸ்பீடி. 2009 நவம்பரில் கூகுள் இதை அறிவித்தது. அப்போது வெப்சைட்டுகள் ஓடிக்கொண்டிருந்தது 1990-களில் உருவான எச்டிடிபி 1.1-ல். ஒரு பக்கத்தில் 50 படங்கள் இருந்தால், பிரவுசர் சில இணைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக வரிசையில் நின்று வாங்க வேண்டும். ஸ்பீடியில் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைக் கலந்து அனுப்பலாம். ஆய்வகச் சோதனையில் பக்கங்கள் 55 சதவீதம் வரை வேகமாகத் திறந்ததாக கூகுள் சொன்னது.

கூகுள் தன் குரோமிலும் தன் சர்வர்களிலும் அதை ஓடவிட்டது. பிறகு ஃபயர்ஃபாக்ஸ், ட்விட்டர், ஃபேஸ்புக் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2012-ல் ஐஇடிஎஃப் எச்டிடிபி 2 வேலையைத் தொடங்கியபோது, ஸ்பீடியைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. 2015 மே மாதம் எச்டிடிபி 2 ஸ்டாண்டர்டு வெளியானது. அடுத்த ஆண்டே குரோம் ஸ்பீடியைத் தூக்கிவிட்டது. வேலை முடிந்தது, தேரை ஓரங்கட்டியாச்சு.

ஆனால், நடுவில் ஒரு பெரிய இடி விழுந்தது. 2012 செப்டம்பரில் ஜூலியானோ ரிஸ்ஸோ, தாய் டுவோங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘கிரைம்’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இடத்தை மிச்சப்படுத்த ஸ்பீடி தன் ஹெட்டர்களைச் சுருக்கி அனுப்பும். திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள் இருந்தால் அளவு இன்னும் குறையும். தாக்குபவர் பாதிக்கப்பட்டவரின் பிரவுசரை வைத்தே ஒரு ஊகத்தைக் கோரிக்கைக்குள் நுழைப்பார். ஊகம் ரகசிய குக்கியோடு பொருந்தினால், பூட்டிய பொட்டலத்தின் அளவு கொஞ்சம் சுருங்கும். பூட்டை உடைக்காமலேயே, எடையை வைத்தே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கும் வித்தை இது. குக்கி கிடைத்தால் லாகின் கிடைத்த மாதிரி.

பிரவுசர்கள் அந்தச் சுருக்கும் வசதியை அவசரமாக முடக்கின. எச்டிடிபி 2-க்காக ‘எச்பேக்’ என்ற புதுச் சுருக்க முறையே உருவாக்கப்பட்டது. இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். முடிவாகாத புரோட்டோகாலைப் பயன்படுத்தியவர்கள் உண்மையான ஆபத்தில் இருந்தார்கள் என்பது ஒன்று. ஸ்டாண்டர்டு ஆவதற்கு முன்பே ஓட்டை தெரிந்ததால், அது ஸ்டாண்டர்டுக்குள் போகாமல் தப்பியது என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை.

ஸ்டாண்டர்டு முத்திரை விழுந்துவிட்டால் எல்லாம் ஜெயிக்கும் என்றும் இல்லை. கேட்கும் முன்பே சர்வர் கோப்புகளைத் தள்ளிவிடும் ‘சர்வர் புஷ்’ வசதி எச்டிடிபி 2-ல் இடம்பிடித்தது. நடைமுறையில் எதிர்பார்த்த பலன் இல்லை. 2022-ல் குரோம் அதை நிறுத்திவிட்டது.

குயிக்: ஒரு ஸ்விட்ச் காப்பாற்றிய கதை

எச்டிடிபி 2-க்கும் ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. அது டிசிபி என்ற பழைய புரோட்டோகாலின் முதுகில் ஓடுகிறது. டிசிபி-யில் ஒரு பாக்கெட் தொலைந்தால், பின்னால் வந்தவை எல்லாம் அதற்காகக் காத்திருக்கும். ஒற்றையடிப் பாலத்தில் ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்கிற மாதிரி. குயிக் இதைத் தவிர்க்க, யுடிபி என்ற எளிய புரோட்டோகாலுக்கு மேல் தனித்தனி ஓடைகளை அமைத்தது. ஒரு ஓடையில் பாக்கெட் தொலைந்தால் மற்றவை நிற்காது. நீங்கள் வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுந்துபோகாமல் தொடர அதன் வடிவமைப்பில் வழி இருக்கிறது.

2013-ல் கூகுள் இதை வெளியே சொன்னது. 2017 கட்டுரையில் பலனும் எண்களாக வந்தது: யூடியூபில் வீடியோ நடுவில் நின்று சுற்றுவது டெஸ்க்டாப்பில் 18 சதவீதமும் மொபைலில் 15.3 சதவீதமும் குறைந்தது. தேடல் முடிவு வரும் நேரம் டெஸ்க்டாப்பில் 8 சதவீதம், மொபைலில் 3.6 சதவீதம் குறைந்தது.

அதே கட்டுரையில் ஒரு சங்கடமான விஷயத்தையும் கூகுள் மறைக்காமல் சொன்னது. 2015 டிசம்பரில் குயிக்கின் பிரவுசர் பக்கக் கோடில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. மிக அரிதான ஒரு சூழ்நிலையில், முதல் கோரிக்கை பூட்டு இல்லாமலே போக வாய்ப்பிருந்தது. பூட்டோடு போவதாக நினைத்த தகவல் திறந்த கவரில் போகிற மாதிரி.

கூகுள் உடனே உலகம் முழுவதும் தன் சர்வர்களில் குயிக்கை முடக்கியது. அந்த நேரத்தில் யூடியூப் நின்றதா? இல்லை. குரோம் பழைய டிசிபி பாதைக்குத் திரும்பியது. கொஞ்சம் வேகம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். பிழை திருத்தப்பட்ட பிரவுசர்கள் மக்களிடம் போன பிறகு குயிக் திரும்பவும் ஆன் ஆனது.

இந்தக் கதையின் ஹீரோ அந்த ‘ஆஃப்’ ஸ்விட்ச்தான். பிழையே இல்லாத சோதனை என்று எதுவும் கிடையாது. பிழை வந்தால் ஒரே நாளில் பின்வாங்க முடியுமா என்பதே கேள்வி. கூகுளுக்கு அது சுலபம். பிரவுசரும் அவர்களுடையது, சர்வரும் அவர்களுடையது. இரண்டு முனையும் கையில் இருந்ததால் முன்னே போகவும் முடிந்தது, பின்னே வரவும் முடிந்தது.

நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டிகள்

இரண்டு முனையும் உங்களுடையதாக இருந்தாலும், நடுவில் இருப்பது உங்களுடையதல்ல. ஆபீஸ் ஃபயர்வால், ஸ்கூல் நெட்வொர்க்கின் ஃபில்டர், டெலிகாம் நிறுவனத்தின் கருவிகள் என வழியில் பல பெட்டிகள் உட்கார்ந்து பாக்கெட்டுகளை எட்டிப் பார்க்கின்றன. பழக்கமான டிராஃபிக் எப்படி இருக்கும் என்று அவை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். புதிதாக ஏதாவது வந்தால் திகைத்துப்போகும்.

குயிக்கின் ஹெட்டரில் ஒரே ஒரு பிட்டை கூகுள் மாற்றியபோது அதுதான் நடந்தது. ஒரு நிறுவனத்தின் ஃபயர்வால் அந்த இடத்தை வைத்துத்தான் ‘இது குயிக்’ என்று அடையாளம் கண்டுகொண்டிருந்தது. பிட் மாறியதும் முதல் சில பாக்கெட்டுகளை விட்டுவிட்டு மீதியைத் தடுத்தது. முழுசாகத் தடுத்திருந்தால்கூட பிரவுசர் டிசிபி-க்குப் போயிருக்கும். பாதி விட்டுப் பாதி தடுத்ததுதான் வம்பு. கடைசியில் அந்த நிறுவனம் தன் ஃபயர்வாலை அப்டேட் செய்தது.

2017 பிப்ரவரியில் இதைவிடப் பெரிய குழப்பம். வெப்சைட்டுகளைப் பூட்டும் டிஎல்எஸ்-ன் புது வெர்ஷன் 1.3, அப்போது டிராஃப்ட் நிலையில் இருந்தது. குரோம் 56-ல் அதை ஆன் செய்தார்கள். புளூகோட் என்ற பிராக்ஸி கருவிகள் பயன்படுத்திய இடங்களில் இணைப்புகள் அப்படியே தொங்கின. அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்டத்தில் மாணவர்களின் குரோம்புக்குகள் ஆயிரக்கணக்கில் முடங்கின. கூகுள் அதைத் திரும்ப ஆஃப் செய்தது.

விதிப்படி பார்த்தால் தப்பு அந்தப் பெட்டிகள் மேல்தான். தெரியாத வெர்ஷன் வந்தால் ‘எனக்கு பழையதுதான் தெரியும்’ என்று சொல்லிப் பழைய முறையில் பேச வேண்டும். ஆனால், பாதிக்கப்பட்டது பெட்டி செய்தவர்களும் இல்லை, குரோம் செய்தவர்களும் இல்லை. அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்கள். முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதன் நெறிமுறைக் கேள்வி இதுதான்: சோதனையின் பலன் ஒருவருக்கும், அதன் சேதம் சம்மதம் கேட்கப்படாத வேறொருவருக்கும் போகலாம்.

டிஎல்எஸ் 1.3 குழு இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வு கண்டது. புது வெர்ஷனுக்கு பழைய 1.2-ன் வேஷம் போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கும் பெட்டிக்கு அது பழைய இணைப்பு மாதிரியே தெரியும். தேவையே இல்லாத ஒரு பழைய மெசேஜைக்கூட சும்மா அனுப்பி வைக்கலாம் என்று சேர்த்தார்கள். 28 டிராஃப்டுகள் தாண்டி, 2018 ஆகஸ்ட்டில் அது ஸ்டாண்டர்டு ஆனது. அந்த வெள்ளோட்டம் நடக்காமல் நேராக ஸ்டாண்டர்டு ஆகியிருந்தால், பேப்பரில் அழகாக இருந்து, ஊரில் ஓடாத தேராகியிருக்கும்.

இன்னொரு பாடத்திலிருந்து பிறந்தது ‘கிரீஸ்’ என்ற உத்தி. கதவுக் கீலைத் திறந்து மூடாமல் விட்டால் துருப்பிடிக்குமே, அதேபோல் புரோட்டோகாலில் எதிர்காலத்துக்கென விட்டுவைத்த இடங்களும் பயன்படுத்தாவிட்டால் இறுகிப்போகும். அதனால், குரோம் தன் முதல் வணக்கத்திலேயே அர்த்தமில்லாத சில எண்களைச் சும்மா கலந்து அனுப்புகிறது. ஒழுங்கான சர்வர் அவற்றைக் கண்டுகொள்ளாது. ஒழுங்கில்லாத சர்வர் அன்றைக்கே மாட்டிக்கொள்ளும். 2020-ல் இது ஆர்எஃப்சி ஆகவே வந்தது.

பெயர் வைப்பதிலும் வம்பு இருக்கு

‘சோதனைதானே, தனியாக ஒரு பெயர் வைப்போம்’ என்று எல்லோருக்கும் தோன்றும். 1970-களிலிருந்தே சோதனை வசதிகளுக்கு முன்னால் ‘எக்ஸ்’ எழுத்து சேர்க்கும் பழக்கம் இருந்தது. எக்ஸ் இருந்தால் தற்காலிகம், இல்லாவிட்டால் நிரந்தரம் என்பது கணக்கு.

நடந்தது வேறு. தற்காலிகமாக வந்த பெயர்கள் ஊரெல்லாம் பரவி நிலைத்துவிட்டன. பிராக்ஸி வழியாக வரும் கோரிக்கையின் அசல் ஐபி முகவரியைச் சொல்லும் ‘எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்’ ஹெட்டர் பேக்கெண்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ‘ஃபார்வர்டட்’ என்ற ஸ்டாண்டர்டு ஹெட்டர் 2014-லேயே வந்துவிட்டது. இன்றும் பல இடங்களில் ஓடுவது பழைய எக்ஸ்தான். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரே ரேஷன் கார்டில் ஏறிவிட்ட கதை. 2012-ல் ஐஇடிஎஃப், புதிய பெயர்களுக்கு எக்ஸ் சேர்க்கும் பழக்கத்தையே கைவிடச் சொன்னது.

அதற்குப் பிறகு வந்த வழி கெட்டிக்காரத்தனமானது. டிராஃப்ட் எண்ணையே பெயரில் ஒட்டிவிடுவது. எச்டிடிபி 3 டிராஃப்ட் நிலையில் இருந்தபோது சர்வரும் பிரவுசரும் ‘எச்3-29’ என்று சொல்லிக்கொண்டன. 29-வது டிராஃப்ட் என்று அர்த்தம். 27 பேசுகிறவரும் 29 பேசுகிறவரும் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. ஸ்டாண்டர்டு வந்ததும் வெறும் ‘எச்3’. எண் ஒட்டிய பெயரில் ‘நான் நிரந்தரம் இல்லை’ என்பதும் எழுதியிருக்கிறது.

அப்போ, காத்திருப்பதுதான் சேஃபா?

எப்போதும் இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் காத்திருப்பதற்கும் விலை உண்டு.

இன்றைய பூட்டுகள் சிலவற்றை எதிர்கால குவாண்டம் கம்ப்யூட்டர்கள் உடைக்கலாம். இன்று பூட்டிய டிராஃபிக்கைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு உடைக்கலாம் என்று யாராவது காத்திருந்தால் இன்றைய ரகசியமும் நாளைக்கு வெளியே வரும். அதனால்தான் கூகுள் 2016-லேயே குரோமின் ஒரு சின்னப் பகுதிப் பயனர்களிடம் குவாண்டம் தாங்கும் பூட்டைச் சோதித்தது. தொடங்கும்போதே, ‘இது நடைமுறை ஸ்டாண்டர்டு ஆகிவிடக் கூடாது, இரண்டு வருஷத்துக்குள் நிறுத்திவிடுவோம்’ என்று அறிவித்தது. சொன்னதைவிட சீக்கிரமே, அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுத்தியது.

2019-ல் கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் சேர்ந்து அடுத்த சோதனை நடத்தின. அதில் ஒரு பிரிவில் ‘சைக்’ என்ற முறை இருந்தது. 2022-ல் அந்த சைக்கை, ஒரே ஒரு பிராசஸர் கோரில், சுமார் ஒரு மணி நேரத்தில் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். குவாண்டம் கம்ப்யூட்டர்கூட தேவைப்படவில்லை.

சோதனையில் இருந்தவர்களின் தகவல்கள் போச்சா? இல்லை. புதுப் பூட்டோடு பழைய நம்பகமான பூட்டையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். இரண்டையும் உடைத்தால்தான் திறக்கும். ‘ஹைபிரிட்’ என்பது இதுதான். புதியதை நம்பி பழையதைக் கழற்றவில்லை என்பதால் நஷ்டம் இல்லை.

2023-ல் குரோம் ‘கைபர்’ என்ற முறையைக் கொண்டுவரத் தொடங்கியபோதும் இதே ஹைபிரிட் உத்திதான். அதில் வேறொரு தலைவலி. முதல் மெசேஜின் அளவு ஒரு கிலோபைட்டுக்கு மேல் கூடியது. அதனால், ஒரே பாக்கெட்டில் அடங்கவில்லை. ‘முதல் மெசேஜ் ஒரு பாக்கெட்தான்’ என்று நினைத்து எழுதப்பட்ட சில சர்வர்களும் கருவிகளும் திணறின. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு இறுதி ஸ்டாண்டர்டை வெளியிட்டது. அது கைபர் டிராஃப்ட்டோடு ஒத்துப்போகாது. சில மாதங்களில் குரோம் புதிய முறைக்கு மாறி, பழைய டிராஃப்ட்டைக் கைவிட்டது. கைபரை மட்டும் ஆன் செய்துவிட்டு மறந்துபோன சர்வர்கள் அந்தப் பாதுகாப்பை இழந்து, பழைய பூட்டுக்கே திரும்பின.

உங்கள் டீமில் ஆன் பண்ணலாமா? இந்த 6 கேள்விகள்

1. பழைய பாதை திறந்திருக்கா? புதியது வேலை செய்யாவிட்டால் பயனருக்குத் தெரியாமலேயே பழையதுக்குத் திரும்ப வேண்டும்.

2. ஆஃப் ஸ்விட்ச் யார் கையில்? புது ஆப் வெளியிட்டால்தான் நிறுத்த முடியும் என்றால், அது ஸ்விட்சே இல்லை. சர்வரிலிருந்தே நிறுத்த முடிய வேண்டும்.

3. இரண்டு முனையும் அப்டேட் ஆகுமா? மாதாமாதம் அப்டேட் ஆகும் ஆப்பில் டிராஃப்ட்டை முயற்சி செய்யலாம். சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோகும் சிசிடிவி கேமராவிலோ, மின் மீட்டரிலோ வேண்டாம். அதில் ஏறிய டிராஃப்ட் பத்து வருஷம் அங்கேயே இருக்கும்.

4. எந்த டிராஃப்ட் என்று பெயரிலேயே இருக்கா? ‘புதுசு’ என்று மட்டும் பெயர் வைத்தால், அடுத்த புதுசு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

5. எத்தனை பேரிடம் தொடங்குகிறீர்கள்? 1 சதவீதத்தில் தொடங்கி, பிழைகளை அளந்து, பிறகு ஏற்றுங்கள். வேகம் கூடியதா என்று மட்டும் பார்க்காதீர்கள், யாருக்கு இணைப்பே போனது என்றும் பாருங்கள். இணைப்பு போனவர் புகார் சொல்ல உங்கள் தளத்துக்கே வர முடியாது.

6. முடிவுத் தேதி எது? ‘ஸ்டாண்டர்டு வந்த இத்தனை மாதத்தில் டிராஃப்ட்டை எடுத்துவிடுவோம்’ என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். தேதி இல்லாத சோதனைதான் நாளைய ‘எக்ஸ்’ ஹெட்டர்.

உங்கள் பிரவுசரில் இப்போது எது ஓடுகிறது என்று பார்க்க ஆசையா? கம்ப்யூட்டரில் குரோமின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ‘புரோட்டோகால்’ என்ற பத்தியைக் காட்டச் சொல்லி, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். ‘எச்3’ என்று வந்தால், நீங்கள் பார்ப்பது குயிக் வழியாக வருகிறது.

கடைசியாக ஒரு விஷயம்

கோடிக்கணக்கானவர்களிடம் ஒரு டிராஃப்ட்டை ஓடவிட, பிரவுசரும் சர்வரும் இரண்டுமே கையில் இருக்கும் நிறுவனங்களால்தான் முடிகிறது. அப்படிப்பட்டவர்கள் உலகில் சிலர்தான். ‘ஏற்கெனவே ஓடுது, இதையே ஸ்டாண்டர்டாக வைச்சுக்கலாம்’ என்று அவர்கள் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

குயிக் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை என்பது முக்கியம். கூகுளின் குயிக் ஐஇடிஎஃப்-க்குள் போய் வெளியே வந்தபோது நிறைய மாறியிருந்தது. கூகுள் தானே உருவாக்கிய பூட்டுக்குப் பதிலாக டிஎல்எஸ் 1.3 வந்தது. ஹெட்டரின் பெரும்பகுதி மறைக்கப்பட்டது, நடுவில் உள்ள பெட்டிகள் எட்டிப் பார்த்து மனப்பாடம் செய்யக் கூடாது என்பதற்காக. ஏற்கெனவே உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த தன் வெர்ஷனை விட்டுவிட்டு, கூகுளும் ஸ்டாண்டர்டு வெர்ஷனுக்கு மாறியது.

முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது அவசரக்குடுக்கைத்தனமா, பொறுப்பான வேலையா என்பதை இந்த இடத்தில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஓடவிட்டவர், பொதுவான முடிவு வேறாக வரும்போது தன்னுடையதைக் கைவிடத் தயாராக இருக்கிறாரா? தயாராக இருந்தால் அந்தச் சோதனையால் எல்லோருக்கும் லாபம். இல்லையென்றால், அவர் வசதிக்கு ஊர் முழுக்க வழி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.